மூன்றுக்கு முன்னால் நான்காவது ரீல்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு வந்த சளி எனக்குத் தொற்றி, என்னிடமிருந்து அப்பாவிடம் போய், அவர் போட்ட சத்தத்தில் பயந்து ஊரைவிட்டே ஓடிவிட்டது. நீயும் அத்தானும் சிட்டுவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் பெய்த மழையில் தியேட்டர் மெஷின் ரூம் கூரை ஒழுகியது. மேலே இருந்த பெட்டிகளையெல்லாம் கீழே இறக்கினேன். பழைய போஸ்டர் கட்டுகளுக்கு அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? மாப்பிள்ளைப் படம். ஒரு ரீல்கூடக் குறையவில்லை. படம் கொடுத்த கம்பெனி இழுத்து மூடியபோது யாரும் திருப்பிக் கேட்டு வரவில்லை, நாமும் மறந்துபோனோம். டப்பா மூடியை நெம்பித் திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்தது. அதோடு, அத்தான் நம் தியேட்டருக்கு முதல் தடவை வந்த அந்தக் காலைப்பொழுதும் எழுந்து வந்துவிட்டது.

ஆளை எடைபோட நம் அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதானே. புதிதாக டிக்கெட் கிழிக்க வருபவனானாலும் சரி, பெண் கேட்டு வருபவனானாலும் சரி, காலி ஹாலில் நட்டநடுச் சீட்டில் உட்காரவைத்து ஒரு சிரிப்புப் படம் ஓட்டுவார். அவன் எங்கே சிரிக்கிறான், எங்கே சிரிக்கவில்லை என்று மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்ப்பார். தான் மட்டும் சிரிக்கமாட்டார். அத்தான் பாவம். கதவருகே சித்தப்பா, மீசையும் டார்ச் லைட்டுமாக. பின் சீட்டில் அம்மா, கைகளைக் கட்டிக்கொண்டு. நடுவில் அவர், பெண் வீட்டாருக்குப் பயந்து மாப்பிள்ளை நடுங்குகிற படத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டு.

அன்றைக்கென்று பார்த்து ரீல் வேறு மாறியது. நான்காவது ரீல் முந்திக்கொள்ள, மூன்றாவது பிந்திவிட்டது. பெண்ணின் அண்ணன்மார் ஹீரோவைத் தண்ணீர்த் தொட்டியில் தூக்கிப் போட்டு நாயை விட்டுத் துரத்துகிறார்கள். அடுத்த நிமிடமே அவன் தேய்த்த கோட்டும் கையில் பூங்கொத்துமாக அதே வாசலில் வந்து நின்று, "உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்" என்று சிரிக்கிறான். அப்பாவிடம் கேட்டால் இன்றைக்கும், "என் கையில ரீல் மாறாது" என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் அடியில் அத்தான் எப்போதும் ஒரு வரி எழுதுவாரே, "மாமாவின் கடைவாய்ப் பல் என்ன சொல்கிறது?" என்று. போன இரண்டு கடிதத்திலும் அது இல்லை. நான் கவனிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டியபோது அப்பாதான் கேட்டார், "அவ்வளவுதானா? பல் டாக்டர் ஒண்ணும் கேக்கலையா?" என்று. ஊருக்கெல்லாம் பல் பார்க்கிற மருமகனுக்கு இத்தனை காலமாக வாயைத் திறந்து காட்டாத மனுஷன், அந்த வரியை மட்டும் எதிர்பார்க்கிறார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 2

என் அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதே. சொன்னால் கேட்கமாட்டார், அதனால் சொல்லாமல் வெந்நீரை வைத்துவிடு.

மாப்பிள்ளைப் படம் கிடைத்தது என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களெல்லாம் உள்ளே இருந்தீர்கள். நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? என்னை ஹாலுக்குள் விடவில்லை. டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில், மூடின கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். படத்தின் சத்தம் கேட்கிறது. உன் அத்தான் சத்தம் கேட்கவே இல்லை. சிரிக்கவேண்டிய இடமெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. முடிந்தது கதை, அப்பா இவரைப் படியிறக்கிவிடுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த ஆள் பூங்கொத்தோடு வந்து நிற்கிற இடம் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கதவு அதிர்ந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

படம் முடிந்து அப்பா இறங்கி வந்து, "படம் எப்படி?" என்றார். இவர், "நல்லாருந்துச்சு மாமா. எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். ரீல் மாறியதுகூடத் தெரியாத மக்கு என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா மட்டும் இவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். அந்த ஒரு "சரி"யில் என் கல்யாணம் நிச்சயமானது.

இங்கே ஒரு விசேஷம். எங்கள் பெண் சிட்டு தனக்கென்று ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாள். லிப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுவானாம். ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். நேற்று வரைக்கும் நாம் பயந்தோம், இப்போது நம்மைப் பார்த்துப் பயப்பட ஒருவன் வருகிறான்.

அந்தப் படத்தை எப்படியாவது இங்கே டிவியில் போட்டுப் பார்க்கிற மாதிரி அனுப்ப முடியுமா? உன் அத்தான் வாய்விட்டுச் சிரித்து நாளாகிறது. அதை ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு. கிளினிக்கைக் கொஞ்ச நாளாகத் திறக்கவில்லை, ஓய்வெடுக்கிறார். வரி எழுதாததைப் பெரிதுபடுத்தாதே. கை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு வெந்நீர் வைத்தேன். "யாருக்குடா உடம்பு சரியில்லை?" என்று கேட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார்.

கல்யாண வீடியோ எடுக்கிற என் சிநேகிதனைப் பிடித்தேன். ஒரு காலையில் தியேட்டரில் படத்தை ஓட்டினோம். அவன் ஹால் நடுவில் கேமராவை நிறுத்தித் திரையையே படம் பிடித்து, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான். மெஷினை நான்தான் ஓட்டினேன். டப்பாக்களின் மேல் அப்பா கையால் எழுதிய நம்பரைப் பார்த்து வரிசை பிசகாமல் மாட்டினேன். அப்பா படியேறி வந்து கதவருகே நின்று பார்த்தார். மூன்றாவது ரீலைக் கையில் எடுத்தபோது என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

லிப்ட் மெக்கானிக் விஷயத்தையும் படித்துக் காட்டினேன். "மேல போறவன்தானே, நல்லதுதான்" என்றார். அப்பா சொன்ன முதல் ஜோக் இதுவாகத்தான் இருக்கும். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

அக்கா, கிளினிக் மூடியிருக்கிறது என்கிறாய். கை ஒழியவில்லை என்கிறாய். கிளினிக் மூடினால் பல் டாக்டருக்குக் கை ஒழியாமல் என்ன வேலை? போன் செய்தால் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய். உங்கள் வீட்டில் இவ்வளவு பால் யார் குடிக்கிறார்கள்?

டிஸ்க்கைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அத்தான் சிரித்ததும் எழுது.

அன்புடன்,
தம்பி

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேறொன்றுமில்லை.

படம் வந்தது. நன்றாகத் தெரிகிறது. உன் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஆள் முதலில் பூங்கொத்தோடு வருகிறான், பிறகு தொட்டியில் விழுகிறான். பூவோடு வந்தவனைத் தொட்டியில் போடுவது எல்லாப் படத்திலும் உள்ளதுதானே. தொட்டியிலிருந்து எழுந்தவன் பூவோடு திரும்ப வந்ததுதான் எங்கள் படம். அது இதில் இல்லை.

அப்பாவிடம் கேட்டு, அன்றைக்கு ஓடின வரிசையிலேயே இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. நாலும் மூணும் மட்டும்தான் மாறியதா, வேறு எதுவும் மாறியதா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

சிட்டுவின் பையன் வந்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உன் அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்றுதான் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "அன்னைக்கு எந்த ரீல் எப்படி ஓடுச்சு?" என்று. "நம்பர் படி ஓடுச்சு" என்றார். "அக்கா கேக்குறா" என்றேன். "அவ உள்ளேயே இல்ல, அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அத்தானுக்குத் தெரியுமே" என்று ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அவர் எதாவது சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டார். சாப்பிடவே இல்லை.

அந்தப் பையன் ஏன் டீயைப் பாதியில் வைத்தான்? என் டிக்கெட் கவுண்டருக்கு வருகிறவன்கூட டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் படம் பிடிக்கவில்லை என்பான். அத்தான் ஒரு ஆளை மிரட்டி அனுப்பினார் என்றால் நான் நம்பமாட்டேன். பல்லைப் பிடுங்கும்போதுகூட "மன்னிச்சுக்குங்க" என்று சொல்கிற மனுஷன்.

வீட்டு விலாசத்துக்கு எழுதினால் நான் மேசையில் சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் தடை என்றால் தியேட்டர் விலாசத்துக்கு எழுது. அதற்கும் பதில் வரவில்லையென்றால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதப் போவதில்லை.

மழைக்காலம் தொடங்கின சமயம் அது. கிளினிக்கில் ஒரு பெண்ணின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த உன் அத்தானுக்குக் கண்ணாடி கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. டாக்டர் இடது கையால் எழுதிப் பழகச் சொன்னார். நான் பேனாவைக் கொடுத்தால் வாங்கி மேசையில் வைத்துவிடுகிறார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கை போனது, பேச்சு போனது, சரி. ஆள் போய்விடக் கூடாது.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். தன்னை யாரும் பரிதாபமாகப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அப்பாவுக்குத் தெரிந்தால் இந்த வயதில் அவர் என்ன ஆவாரோ என்றும் பயம். சிட்டுவின் வாயையும் கட்டிப்போட்டேன். அதில்தான் வினை வந்தது. அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது.

அவன் வந்து, "வணக்கம் சார்" என்றான். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் தன் வேலை, தன் வீடு எல்லாம் சொன்னான். இவர் முகத்தில் ஒரு பக்கம் அசையவே அசையாது, உதடு கோபமாகத் தொங்குகிற மாதிரி இருக்கும். கண் வேறு அவன் வாயையே பார்க்கிறது, பழக்க தோஷம். அவனுக்கு முன்பல் ஒன்று கோணல். பாதிப் பேச்சில் கையால் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் வாயை மூடிக்கொண்டே எழுந்து போய்விட்டான். வாசலில் சிட்டுவிடம், "உங்கப்பாவுக்கு என் பல்லும் பிடிக்கலை, என்னையும் பிடிக்கலை" என்றானாம். இனி வரமாட்டேன் என்கிறான். சிட்டு என்னோடு பேசுவதில்லை.

உலகத்திலேயே யாரையும் மிரட்டத் தெரியாத மனுஷனைப் பார்த்து ஒரு பையன் பயந்து ஓடுகிறான். இவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று இரவும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும் தம்பி. எப்படியாவது அப்பாவிடமிருந்து அந்த வரிசையை வாங்கு. இதை அவரிடம் சொல்லாதே.

உன் அக்கா

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"சொல்லாதே" என்றாய். நான் சொல்லவில்லை, சத்தியம். தபால்காரர் சொல்லிவிட்டார். "பெரியவரே, உங்க பொண்ணு லெட்டர் இப்பல்லாம் தியேட்டருக்கு வருதே" என்று வீட்டு வாசலிலேயே கேட்டிருக்கிறார். அப்பா குடையைக்கூட எடுக்காமல் தியேட்டருக்கு நடந்து வந்தார். கையை நீட்டினார். நான் எப்போதாவது அந்தக் கையை எதிர்த்திருக்கிறேனா? கொடுத்துவிட்டேன்.

மேட்னி நடந்துகொண்டிருந்தது. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து தானே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "எனக்கு ஏன் சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வந்ததா என்று பார்க்கத் தைரியமில்லை.

மறுநாள் காலை வீடியோக்காரனை வரச் சொன்னார். என்னை நகரச் சொல்லிவிட்டு மெஷின் முன்னால் அவரே நின்றார். இரண்டாவது ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மெஷினில் அடுத்ததை மாட்ட வேண்டும். நம்பர் படி ஓடியது என்றவராயிற்றே என்று நான் மூன்றாவதை நீட்டினேன். வாங்கவில்லை.

"நாலாவதைக் குடு."

"அப்பா, நம்பர் படி பார்த்தா..."

"நாலாவதைக் குடுடா."

கொடுத்தேன். மாட்டினார். பிறகு மூன்றாவது. பிறகு ஐந்திலிருந்து வரிசையாக. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இத்தனை காலமும் அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. படம் முடிந்ததும் மெஷின் விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கு அன்னைக்குத் தெரிஞ்சுச்சா, தெரியலையான்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. மக்கு என்று சித்தப்பா சொன்னதைத்தான் நாமெல்லோரும் பிடித்துக்கொண்டோம்.

படத்தின் நடுவே ஒரு இருமல் கேட்கும். வீடியோக்காரன் எடுத்துவிடுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். அது அப்பாவின் இருமல்.

அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு அக்கா. ஒளித்து வைத்ததால்தான் அத்தான் பூதமாகிவிட்டார்.

அன்புடன்,
தம்பி

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பார்சல் கிடைத்ததா? பதிலே இல்லை. போனையும் யாரும் எடுப்பதில்லை. அப்பா தபால்காரரை வாசலிலேயே மடக்கிப் பையை எட்டிப் பார்க்கிறார். தபால்காரர் இப்போது எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வருகிறார். ஒரு வரி போதும்.

தம்பி

ஜூன் 4

என் அன்புத் தம்பிக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. உன்னைத் தவிக்கவிட்டேன். படம் கையில் இருந்தும் போடப் பயந்தேன். இதற்கும் அவர் சிரிக்கவில்லையென்றால் எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. அதனால் டிஸ்க்கைப் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கடைசியில் நீ சொன்னதைச் செய்தேன். அந்தப் பையன் வேலை செய்கிற கட்டிடத்துக்கே போனேன். அவன் ஒரு மாடியில் மூடின லிப்ட் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சத்தமே இல்லை. இவன் கையால் திருகிக்கொண்டே பேசுகிறான். தன் அம்மாவைப் பற்றி, பஸ் வராததைப் பற்றி, என்னென்னவோ. கதவு திறந்து ஒரு வயதான அம்மா வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார். பதிலே வரவில்லையே, யாரோடு பேசினாய் என்று கேட்டேன். "பயத்துல பேச வராதுங்க. ஆனா நான் நிறுத்தினா இன்னும் பயந்துருவாங்க" என்றான். அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் பாட்டுக்கு எழுந்து வந்துட்டேனே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். இவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தான். கோணல் பல்லைக் காட்டி, "சார், இதை நீங்க ஒருநாள் சரி பண்ணித் தரணும்" என்றான். நான் படத்தைப் போட்டேன். போட்டுவிட்டு அறையில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பவும் அதே மாதிரி. சிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தொட்டி வந்தது. நாய் குரைத்தது. அப்பாவின் இருமல் கேட்டது. அப்புறம், "உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்." நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே சத்தமில்லை. போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது அந்தப் பையன் குரல், பளிச்சென்று: "சார், படம் மாறிப் போச்சு. இவன் இப்பத்தானே நனைஞ்சான், அதுக்குள்ள எப்படிக் காய்ஞ்சான்?"

தம்பி, உன் அத்தான் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. பாதி வாயில், மூச்சு முட்டி, வேறு யாருடைய குரலோ மாதிரி. ஆனால் நிறுத்த முடியாமல் சிரித்தார். கதவைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் வழிய, இடது கையால் அந்தப் பையனின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். அவன் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விழித்துக்கொண்டிருந்தான்.

பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். பேனா கேட்டார். தானாகக் கேட்டார். நீண்ட நேரம் எழுதினார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அந்தப் பையன் தன் லிப்ட் கதை ஒன்று சொல்லி முடித்தான். எழுதியதை இந்தக் கடிதத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், படித்துக்கொள். அப்பாவிடமும் படித்துக் காட்டு. சத்தமாகப் படி.

அன்புடன்,
அக்கா

"மாமாவுக்கு. அன்று தெரியும். படம் மாட்டும்போது உங்கள் கை நடுங்கியது. என்னைவிட நீங்கள் பயந்திருந்தீர்கள். எப்படிச் சொல்வேன்? பல் என்ன சொல்கிறது?"

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு, சிட்டுவுக்கு,

நாங்கள் ரொம்ப சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மேசையில் உட்கார்ந்து சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். கடைசி வரிகளில் எனக்குக் குரல் போய்விட்டது. என் வீட்டுக்காரி வாங்கிப் படித்து முடித்தாள். அத்தான் வந்த அன்று, படம் தொடங்கும் முன், ரீல் மாட்டுவதைப் பாருங்கள் என்று அவரை மெஷின் ரூமுக்கு அழைத்துப் போனது அப்பாவேதான். பயமுறுத்தத்தான் அழைத்துப் போயிருப்பார். தன் கையை அவர் பார்ப்பார் என்று நினைத்திருக்கமாட்டார். மகளைக் கேட்டு வந்தவன் முன்னால் அந்தக் கை நடுங்கியது நமக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர், எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டு, மக்கு என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறார்.

"தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தாரா" என்றார் அப்பா. அவ்வளவுதான். கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு, பல் வலிக்கிறது, பஸ்ஸுக்கு டிக்கெட் எடு என்றார். அடுத்த தெருவிலேயே பல் டாக்டர் இருக்கிறாரே என்றேன்.

"எனக்கு நம்ம மாப்பிள்ளைதான் பாக்கணும்" என்றார்.

அத்தானுக்குக் கை வராதே அப்பா என்று தயங்கிச் சொன்னேன். "பாக்கறதுக்குக் கண்ணு போதும். நான் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவர் மெதுவா பாக்கட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அந்தப் பையனையும் வரச் சொல். நடுச் சீட்டில் உட்காரவைக்க வேண்டாம், அவன் தேறிவிட்டான் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

இதை மடிக்கப் போகும்போது பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அடியில் இருப்பது அவர் எழுத்து.

அன்புடன்,
தம்பி

"மாப்பிள்ளைக்கு. மேல்வரிசை, இடது பக்கம், கடைசி. நேரில் வந்து திறந்து காட்டுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது."